விழுந்த வீரனை எண்ணுவது எப்படி?

சதுரங்கத்தில் சிப்பாய் வெட்டுப்பட்டால் எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறோம். கணக்கு அதோடு சரி. ஆனால் இங்கிலாந்து போன்ற நாடுகளில் மேசை மேல் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடுகிறார்களே, 'வார்கேம்', அதில் இந்தக் கணக்கு அவ்வளவு லேசு இல்லை.

1824-இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட 'கிரீக்‌ஸ்பீல்' என்ற பயிற்சி ஆட்டத்தில், நடுவர் இழப்பைத் தாளில் குறித்துக்கொள்வார். 1913-இல் எழுத்தாளர் ஹெச்.ஜி.வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். அதில் ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் சுடுவார்கள். விழுந்த பொம்மை செத்த பொம்மை!

இப்போது பல ஆட்டங்களில் நாலைந்து வீரர்களை ஒரே அடித்தட்டில் ஒட்டிவிடுகிறார்கள். ஒருவனை மட்டும் பிய்த்தெடுக்க முடியாது. அதனால் பக்கத்தில் ஒரு பகடையை வைத்து, அதன் எண்ணை இழப்பாகக் கொள்வார்கள். இதில் இரண்டு தொல்லை. பல நாள் உட்கார்ந்து வர்ணம் தீட்டிய படைக்கு நடுவே பளபளவென்று ஒரு பகடை, பார்க்கவே பொருந்தாது. அதைவிட மோசம், ஆட்ட வேகத்தில் யாராவது அதையே எடுத்து உருட்டிவிடுவார்கள். போச்சு கணக்கு!

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, பகடை அளவுக்குச் சதுரக் குழி வெட்டிய சின்னத் தட்டு. சுற்றிலும் மணலும் செயற்கைப் புல்லும் ஒட்டினால் தரையோடு தரையாகிவிடும். பகடையும் அசையாது.

இரண்டு, விழுந்து கிடக்கும் வீரன் பொம்மை. ஓர் இழப்புக்கு ஒன்று என்று படைக்குப் பின்னால் வைத்துக்கொண்டே போகலாம்.

மூன்று, டயல். இதுதான் நம்ம ஏரியா! 40 மி.மீ. விட்டத்தில் இரண்டு வட்டப் பலகைகள். கீழ் வட்டில் 0 முதல் 11 வரை 12 எண்கள். 360-ஐ 12-ஆல் வகுத்தால் எண்ணுக்கு 30 டிகிரி. மையத்திலிருந்து 16 மி.மீ. தூரத்தில் எழுதினால் அந்த வட்டத்தின் சுற்றளவு சுமார் 100 மி.மீ.; ஓர் எண்ணுக்கு 8 மி.மீ. இடம் கிடைக்கும். மேல் வட்டில் 6 மி.மீ. அகல ஜன்னல் வெட்டினால் ஒரே ஓர் எண்தான் தெரியும். இரண்டின் மையத்திலும் சின்னக் காந்தம் பதித்தால் ஒட்டியும் நிற்கும், சுற்றவும் செய்யும். துருவம் பார்த்துவிட்டுப் பசை போடுங்கள். மாறினால் இரண்டும் தள்ளிக்கொண்டு போகும். மேல் வட்டில் விழுந்த வீரனை ஒட்டி, சுற்றிப் புல் வைத்தால் வேலை முடிந்தது.

எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் படி ஏறியவன் நான்தான். படம் போட்டு இதை விளக்கியபோது அம்மா ஒரே கேள்விதான் கேட்டாங்க: "செத்தவனுக்கு எதுக்குடா அலங்காரம்?"

நியாயமான கேள்வி. ரொம்ப யோசித்தேன். '7' என்ற எண்ணை மட்டும் பார்த்தால் அது மார்க் மாதிரி இருக்கிறது. பக்கத்தில் ஒருவன் விழுந்து கிடந்தால்தான் அந்த ஏழும் ஆட்கள் என்று உறைக்கிறது. வெல்ஸும் நிஜப் போர் எத்தனை பெரிய மடத்தனம் என்று சொல்லித்தான் தன் புத்தகத்தை முடித்தார். மறு வருஷமே, 1914-இல், முதல் உலகப் போர் வந்துவிட்டது.

ஒர்க்‌ஷாப்பில் மிஞ்சும் பலகைத் துண்டே இந்த டயலுக்குப் போதும். செய்து பாருங்கள். எண் தூரத்திலிருந்தும் தெரியட்டும். அது யாருடைய எண் என்பதும் தெரியட்டும்!