5 ஆயிரம் ரூபாய்க்கு 500 லிங்க்! சின்னக் கடைக்காரர்களைச் சுற்றும் ‘கூகுள் நம்பர் ஒன்’ ஆசாமிகள்

“அண்ணே வணக்கம்ணே! உங்க கடை வெப்சைட்டுக்கு 500 பேக்லிங்க் போட்டுத் தர்றோம். வெறும் 5 ஆயிரம்தான். ஒரே மாசத்துல கூகுள்ல நீங்கதான் நம்பர் ஒன்!”

கடைக்கு வெப்சைட் ஆரம்பித்த கையோடு இப்படி ஒரு போன் வந்துவிடுகிறது. சாமியானா பந்தல் போடுபவர், ஏ.சி. மெக்கானிக், டெய்லர் என்று யாரையும் இந்த ஆசாமிகள் விடுவதில்லை. முகூர்த்தமே இல்லாத ஆடி மாதத்தில் பந்தல் கடைக்காரருக்கு 5 ஆயிரம் என்பது சாதாரணக் காசு அல்ல. கொடுப்பதற்கு முன்னால் சங்கதி என்னவென்று தெரிந்துகொள்வது நல்லது.

அது என்ன பேக்லிங்க்?

ஒரு வெப்சைட்டில் இருக்கும் எழுத்தைத் தொட்டால் இன்னொரு வெப்சைட் திறக்கிறது அல்லவா? அதுதான் லிங்க். அடுத்தவர் பக்கத்தில் இருந்து நம்ம பக்கத்துக்கு வரும் லிங்க்குக்குப் பேர் பேக்லிங்க்.

கல்யாணம் வைத்திருப்பவர் “பந்தலுக்கு யாரைச் சொல்லலாம்?” என்று மண்டபத்து மேனேஜரிடம் கேட்கிறார். மேனேஜர் ஒரு கடையைக் கைகாட்டுகிறார். அந்த வார்த்தைக்கு மதிப்பு உண்டு. காசு வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் கூவுகிறவன் அதே கடையைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்த லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் இந்த ‘கைகாட்டும்’ கணக்கை வைத்துத்தான் 1998-ல் கூகுள் கம்பெனியைத் தொடங்கினார்கள். நாலு நல்ல இடத்தில் இருந்து லிங்க் வந்தால் அந்தப் பக்கத்துக்கு மரியாதை கூடும். இந்தச் சூட்சுமம் வெளியே தெரிந்ததும் லிங்க்கை விலைக்கு விற்கும் கும்பல் முளைத்துவிட்டது. அவர்கள் விற்கும் லிங்க் வருகிற இடமோ சூதாட்ட சைட், பாஷை தெரியாத நாட்டு சைட், ஆளே எட்டிப் பார்க்காத செத்த சைட்!

சிக்கிய பெரிய தலைகள்

கோடி கோடியாய் விற்கும் கம்பெனிகளே இதில் அடி வாங்கியிருக்கின்றன. அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்ற பெரிய கடைக்கு ஊர்பேர் தெரியாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் இருந்து லிங்க் போட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அம்பலப்படுத்தியது. சில பொருட்களுக்கு முதல் இடத்தில் இருந்த அந்தக் கடையை கூகுள் 60, 70-வது இடத்துக்குத் தூக்கிப் போட்டது.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. பூங்கொத்து அனுப்பும் இன்டர்புளோரா கம்பெனி, உள்ளூர்ப் பத்திரிகைகளின் வெப்சைட்டுகளில் செய்தி மாதிரியே விளம்பரம் கொடுத்து லிங்க் சேர்த்தது. 2013 பிப்ரவரியில், காதலர் தினம் முடிந்த கையோடு, கூகுளில் அந்தக் கம்பெனியின் பேரைப் போட்டுத் தேடினாலும் அதன் பக்கம் வரவில்லை! 11 நாள் கழித்துத்தான் திரும்ப வந்தது. லிங்க்குக்கு இடம் கொடுத்த பத்திரிகைகளுக்கும் மதிப்பு குறைந்ததுதான் கூத்து. விளம்பரம் கொடுப்பது தப்பில்லை. அது காசுக்குப் போட்ட லிங்க் என்று கூகுளுக்குத் தெரியும்படி குறி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

2012 ஏப்ரலில் ‘பெங்குயின்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்து இந்த மாதிரி சைட்டுகளை கூகுள் கீழே தள்ளியது. இப்போது பெரும்பாலும் தண்டனைகூட கிடையாது. காசு கொடுத்து வாங்கிய லிங்க்கை அதன் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து, கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. ஆக 5 ஆயிரமும் ஆத்துல போட்ட மாதிரிதான்.

அப்போ என்ன செய்யணும்?

முதலில் ‘கூகுள் பிசினஸ் புரொபைல்’. இது இலவசம். கடை பேர், போன் நம்பர், திறக்கும் நேரம், போட்டோ எல்லாம் சரியாகப் போட வேண்டும். “பக்கத்துல பந்தல் கடை” என்று ஒருவர் தேடினால், கேட்டதற்குப் பொருத்தமான கடையா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேர்பெற்றது என்ற மூன்றையும்தான் கூகுள் பார்க்கிறது. காசு கொடுத்து இந்த வரிசையில் மேலே ஏற முடியாது என்று கூகுளே சொல்கிறது.

பேர்பெற்றது என்கிற இடத்தில்தான் நிஜ லிங்க் கைகொடுக்கும். அதற்கு போன் ஆசாமி தேவையில்லை, தெரிஞ்ச ஆட்களே போதும். அடிக்கடி பந்தல் போடும் கல்யாண மண்டபத்தின் வெப்சைட்டில் ஒரு வரி. வியாபாரிகள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் ஒரு வரி. சரக்கு தரும் கம்பெனியின் டீலர் பக்கத்தில் ஒரு வரி. கேட்டால் பலரும் போட்டுத் தருவார்கள். ஜஸ்ட் டயல், இந்தியாமார்ட் மாதிரி இடங்களிலும் விவரம் இருக்கட்டும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே பேர், ஒரே நம்பர் இருக்க வேண்டும். ஒன்றில் பழைய நம்பர் கிடந்தால் வருகிற வாடிக்கையாளர் அங்கேயே போச்சு.

ஏற்கனவே பணம் கொடுத்தவர்கள் அடுத்த தவணை தருவதற்கு முன் “போட்ட லிங்க் லிஸ்ட்டைக் காட்டுப்பா” என்று கேட்கலாம். கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ என்ற இலவச வசதியில் யார் யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று கடைக்காரரே பார்க்கலாம். அதற்கு வெப்சைட்டின் பாஸ்வேர்டு கடைக்காரர் கையில் இருக்க வேண்டும். அதையும் அந்த ஆசாமியே வைத்திருந்தால் முதலில் அதை வாங்குங்க.