பூட்டுப் போடாத கேம்: 2டி பாய் வளர்ந்த கதை

2000களில் காசு கொடுத்து ஒரிஜினல் கேம் வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை நினைவிருக்கும். இன்ஸ்டால் செய்ய நீளமான சீரியல் எண் கேட்கும். விளையாடும்போதெல்லாம் சிடி டிரைவிலேயே இருக்க வேண்டும். சில கேம்கள் இண்டர்நெட் வழியாக அனுமதி வாங்கிய பிறகுதான் திறக்கும். இதற்கெல்லாம் பொதுப் பெயர் டிஆர்எம். திருட்டு காப்பி வைத்திருந்தவருக்கு இந்தப் பிரச்சினை எதுவும் கிடையாது! பூட்டைப் போட்டால் அவதிப்படுவது வாங்கியவர்தான் என்றால், பூட்டு எதற்கு? இந்தக் கேள்வியைக் கேட்டு, பூட்டே இல்லாமல் கேம் விற்ற இரண்டு பேர் நிறுவனத்தைப் பற்றி இங்கே பார்ப்போம்.

ஏழு நாளில் ஒரு கேம்

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2005ல் நான்கு மாணவர்கள் ஒரு புராஜக்டைத் தொடங்கினார்கள். ஒரு கேமை ஒருவரே செய்ய வேண்டும். ஏழு நாட்களுக்குள் முடிக்க வேண்டும். ஈர்ப்பு விசை, செடிகொடிகள் என்பது போல ஏதாவது ஒரு கருவை எடுத்துக்கொள்ள வேண்டும். இவைதான் விதிகள். ஒரே செமஸ்டரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கேம்கள் தயாராகின.

அவற்றில் ஒன்று, கைல் கேப்ளர் செய்த 'டவர் ஆஃப் கூ'. கொழகொழப்பான உருண்டைகளை ஒன்றோடொன்று இணைத்து உயரமான கோபுரம் கட்ட வேண்டும். உருண்டைகளை இணைக்கும் இழைகள் ஸ்பிரிங் போல நீண்டு சுருங்கும். எனவே கோபுரம் உயர உயர ஆடும். எடை ஒரு பக்கம் கூடினால் சரிந்துவிடும். மவுஸ் பிடிக்கத் தெரிந்த யாரும் விளையாடலாம்.

காபி கடையே ஆபீஸ்

படிப்பு முடிந்து கேப்ளர் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தார். அங்கேயே வேலை பார்த்தவர் ரான் கார்மல். இருவரும் வேலையை விட்டுவிட்டு 2006ல் '2டி பாய்' நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். கையிலிருந்து போட்ட சேமிப்பு சுமார் 10,000 டாலர். தனி ஆபீஸ் கிடையாது. இலவச வைஃபை கிடைக்கும் காபி கடைகளில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

டிசைன், படங்கள், இசை மூன்றும் கேப்ளருடையவை. புரோகிராமிங், வியாபாரம் ஆகியவற்றைக் கார்மல் கவனித்தார். எல்லாவற்றையும் புதிதாக எழுதிக்கொண்டிருக்காமல், எஸ்டிஎல், ஓப்பன் டைனமிக்ஸ் எஞ்சின் போன்ற ஓப்பன் சோர்ஸ் கருவிகளைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆலன் புளோம்க்விஸ்ட் என்ற புரோகிராமரும் உதவினார். இரண்டு வருட உழைப்பில் 'வேர்ல்ட் ஆஃப் கூ' உருவானது. அது 2008 அக்டோபரில் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கும் நின்டெண்டோ வீ கருவிக்கும் வெளியானது.

பத்தில் எட்டு திருட்டு

கம்ப்யூட்டர் பதிப்பின் விலை 20 டாலர். டிஆர்எம் எதுவும் கிடையாது. விளைவு என்ன? கட்டிய கோபுரத்தின் உயரத்தை கேம் சர்வருக்கு அனுப்பும் வசதி இருந்தது. அப்படி வந்த ஐபி முகவரிகளின் எண்ணிக்கையை விற்பனை எண்ணிக்கையோடு ஒப்பிட்டார்கள். முதல் கணக்கில் திருட்டு 90 சதவீதம் என்று வந்தது. ஒருவருக்கே பல ஐபி முகவரிகள் இருக்கலாம், ஒருவரே பல கம்ப்யூட்டர்களில் போட்டிருக்கலாம் என்று கழித்துப் பார்த்தபோதும் 82 சதவீதம்!

'பூட்டுப் போட்டிருந்தால் பிழைத்திருப்பார்களே' என்று தோன்றும். ஆனால் ரிஃப்ளெக்சிவ் நிறுவனம் தன் 'ரிக்கோஷே இன்ஃபினிட்டி' கேமுக்கு டிஆர்எம் போட்டிருந்தும் அங்கே திருட்டு 92 சதவீதமாக இருந்தது. பூட்டை மேலும் பலப்படுத்திய பிறகு அந்த நிறுவனம் கண்டது இது: 1,000 திருட்டு காப்பிகளைத் தடுத்தால், கூடுதலாக விற்பது ஒரே ஒரு காப்பி. திருடுபவர்களில் பெரும்பாலோர் எப்படியும் வாங்கப்போவதில்லை என்பதே இதன் பொருள். அதனால்தான் 2டி பாய் பின்வாங்கவில்லை. பூட்டுக்கு நேரமும் பணமும் செலவிடுவதை விட, வாங்குபவரை நிம்மதியாக விளையாட விடுவது மேல் என்று முடிவெடுத்தார்கள்.

விலையை நீங்களே சொல்லுங்கள்

கேமின் முதல் பிறந்தநாளான 2009 அக்டோபரில், விருப்பப்பட்ட விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். ஒரு சென்ட் கொடுத்தாலும் போதும். முதல் வாரத்தில் சுமார் 57,000 பேர் வாங்கினார்கள். அதிகம் பேர் தேர்ந்தெடுத்த விலை அந்த ஒரு சென்ட்தான்! ஆனாலும் சராசரி இரண்டு டாலரைத் தாண்டியது. மொத்த வசூல் ஒரு லட்சம் டாலருக்கும் மேல்.

2010 மே மாதம் 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்ற பெயரில் பல சிறு நிறுவனங்களின் கேம்கள் இதே முறையில் சேர்த்து விற்கப்பட்டன. அதில் வேர்ல்ட் ஆஃப் கூவும் ஒன்று. அந்த விற்பனையில் திரண்ட தொகை 12 லட்சம் டாலரைத் தாண்டியது. ஒரு பகுதி தொண்டு நிறுவனங்களுக்குப் போனது.

அதன் பிறகு

பெயர் கிடைத்ததும் நூறு பேரை வேலைக்கு எடுத்து 2டி பாயைப் பெரிதாக்க இருவரும் நினைக்கவில்லை. கார்மல் 2010ல் மற்ற சுயேச்சை டெவலப்பர்களுடன் சேர்ந்து 'இண்டி ஃபண்ட்' தொடங்கினார். புதியவர்களின் கேம்களுக்கு அது முதலீடு செய்தது. கேப்ளர் நண்பர்களுடன் 'டுமாரோ கார்ப்பரேஷன்' தொடங்கி, 2012ல் 'லிட்டில் இன்ஃபெர்னோ' கேமை வெளியிட்டார். 16 வருடம் கழித்து, 2024 ஆகஸ்டில், இரு நிறுவனங்களும் சேர்ந்து 'வேர்ல்ட் ஆஃப் கூ 2' கேமைக் கொண்டுவந்தன. தங்கள் சொந்தத் தளத்தில் அதையும் டிஆர்எம் இல்லாமலே விற்றார்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே வேலையை ராஜினாமா செய்துவிடாதீர்கள். சேமிப்பைப் போட்டு இரண்டு வருடம் உழைத்த எல்லோருக்கும் இப்படிப் பலன் கிடைப்பதில்லை. ஆனால் அந்த மாணவர்களின் ஏழு நாள் விதியை யாரும் பின்பற்றலாம். அதற்குப் பணம் தேவையில்லை. எஸ்டிஎல் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. ஓரளவு சி புரோகிராமிங் தெரிந்தால் போதும். ஒரு கருவை எடுத்துக்கொண்டு அடுத்த விடுமுறையில் முயன்று பாருங்கள். ஏழாவது நாள் முடிவில் கேம் சுமாராக வந்திருந்தால் கவலை வேண்டாம், அடுத்த கருவுக்குப் போய்விடுங்கள்.