வரைபட நிரலகங்களில் வீச்சுக்கு வெளியேயுள்ள தரவுப் புள்ளிகள்

வரைபடம் ஒன்றின் அச்சுக்குக் குறிக்கப்பட்ட சிறும, பெரும எல்லைகளுக்குள் அடங்காத மதிப்புகள் வீச்சுக்கு வெளியேயுள்ள தரவுப் புள்ளிகள் எனப்படுகின்றன. 0 முதல் 60 வரை எல்லையிட்ட அச்சில் 92 என்ற மதிப்பை எப்படிக் கையாள்வது என்பது, பயன்படுத்தப்படும் வரைபட நிரலகத்தைப் பொறுத்தது. இது படத்தின் தோற்றத்தை மட்டுமன்றி, சில வேளைகளில் படத்தில் காட்டப்படும் சராசரி, இடைநிலையளவு போன்ற விடைகளையும் மாற்றிவிடும்.

கையாளும் முறைகள்

வெட்டல்: தரவு முழுவதும் அப்படியே இருக்கும், சட்டத்துக்கு வெளியே விழும் பகுதி மட்டும் வரையப்படாது. பைத்தான் மொழியின் மேட்பிளாட்லிப் நிரலகத்தில் அச்சு எல்லையை மாற்றும்போது இதுவே நிகழ்கிறது. எல்லையைத் தாண்டும் கோடு சட்டத்தின் விளிம்பு வரை சென்று மறையும்.

நீக்கல்: எல்லை மீறிய மதிப்பு, விடுபட்ட மதிப்பாக மாற்றப்படும். ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2 நிரலகத்தில், தொடர் அளவுகோலுக்கு எல்லையிடும்போது இதுவே இயல்பான நடத்தை. கோட்டு வரைபடத்தில் அந்த இடத்தில் கோடு அறுபடும். பட்டை வரைபடத்தில் எல்லையைவிட உயரமான பட்டை முழுவதுமாகக் காணாமல் போகும்.

ஒடுக்கல்: எல்லை மீறிய மதிப்பு, அருகிலுள்ள எல்லை மதிப்பாகவே கொள்ளப்படும், 92 என்பது 60 ஆகிவிடும். டி3 நிரலகத்தின் அளவுகோல்களில் கிளாம்ப் என்னும் அமைப்பும், ஜிஜிபிளாட்2-இல் ஸ்குவிஷ் என்னும் சார்பும் இதற்குப் பயன்படுகின்றன.

கணக்கீட்டில் ஏற்படும் மாற்றம்

ஒன்பது மாணவர்களின் மதிப்பெண்கள் 42, 45, 48, 50, 52, 55, 58, 92, 98 எனக் கொள்வோம். இவற்றின் இடைநிலையளவு 52, சராசரி 60. அச்சின் எல்லை 0 முதல் 60 வரை என வைத்தால் விளைவுகள் பின்வருமாறு அமையும்.

வெட்டல் முறையில் இரண்டு விடைகளும் மாறுவதில்லை. நீக்கல் முறையில் கடைசி இரண்டு மதிப்பெண்களும் கணக்கிலிருந்தே விலகுவதால் இடைநிலையளவு 50 ஆகவும், சராசரி 50 ஆகவும் குறையும். ஒடுக்கல் முறையில் இடைநிலையளவு 52 ஆகவே இருக்கும். சராசரி ஏறத்தாழ 52.2 ஆகும்.

ஜிஜிபிளாட்2-இல் அளவுகோலின் எல்லை, புள்ளியியல் கணக்கீட்டுக்கு முன்பே செயற்படுகிறது. எனவே கட்டவரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டும் நோக்கில் எல்லையைச் சுருக்கினால், கட்டத்தின் நடுக்கோடே இடம் மாறக்கூடும். மதிப்புகள் நீக்கப்பட்டதாக நிரலகம் எச்சரிக்கை தரும். ஆனால் அது நிரலை இயக்குபவருக்கு மட்டுமே தெரியும்; அறிக்கையில் படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது. பார்வையை மட்டும் சுருக்க வேண்டுமெனில், அளவுகோலுக்குப் பதிலாக ஆயத் தளத்துக்கு எல்லையிட வேண்டும். கோஆர்டு கார்ட்டீசியன் என்னும் சார்பு இதற்கானது.

நிற அளவுகோல்கள்

வெப்ப வரைபடங்களில் மதிப்புகள் நிறங்களால் காட்டப்படுகின்றன. மேட்பிளாட்லிப்பில் பெரும எல்லையைத் தாண்டிய மதிப்புகள் அனைத்தும் இயல்பாகக் கடைசி நிறத்தையே பெறும். இதனால் எல்லையில் உள்ள மதிப்பையும் அதைவிட மிகப் பெரிய மதிப்பையும் பிரித்தறிய இயலாது. எல்லைக்கு மேலும் கீழும் உள்ளவற்றுக்குத் தனி நிறங்கள் தருவதும், நிறப்பட்டையின் முனைகளை முக்கோண வடிவில் நீட்டுவதும் இக்குறையைப் போக்கும்.

முறையைத் தேர்தல்

எல்லை மீறிய மதிப்பு பதிவுப் பிழை என்று உறுதியானால், அதை வரைவதற்கு முன்பே தரவிலிருந்து நீக்குவது தெளிவானது. உண்மையான மதிப்பாயின், எல்லையை விரிப்பதோ மடக்கை அளவுகோலைப் பயன்படுத்துவதோ பொருத்தமாகும். ஆனால் மடக்கை அளவுகோலில் சுழியும் எதிர்ம எண்களும் இடம்பெற முடியாது. வெட்டலையோ ஒடுக்கலையோ கையாண்டால், எத்தனை புள்ளிகள் எல்லைக்கு வெளியே உள்ளன என்பதைப் படவிளக்கத்தில் குறிப்பிட வேண்டும். இல்லையெனில், படத்தில் காணப்படுவதே முழுத் தரவு என்று வாசகர் கருத நேரிடும்.