பிறை: ஒரு சொல்லின் பொருள் வளர்ச்சி

தமிழில் நிலவைக் குறிக்கும் சொற்கள் பல. திங்கள், மதி, நிலா என்பன பொதுப்பெயர்கள். உவா என்பது முழுமதி, மறைமதி ஆகிய இரு நாள்களுக்கும் உரியது. பிறை என்பதோ கீற்றாய் வளைந்து தோன்றும் நிலவுக்கே உரிய சிறப்புப் பெயர்.

சங்கப் புலவர்கள் மகளிர் நுதலுக்குப் பிறையை உவமை கூறினர். செவ்வானத்தில் பலரும் தொழத் தோன்றும் பிறையை உடைந்த வளைக்கு ஒப்பிடுகிறது குறுந்தொகைப் பாடலொன்று. பிறை காண மேற்குத் திசை நோக்கி நிற்றல் தமிழர்க்குப் புதிதன்று என்பது இதனால் புலனாகும்.

இஸ்லாம் பிறையை வணக்கத்திற்குரியதாகக் கொள்ளவில்லை. பிறைகள் மக்களுக்கும் ஹஜ்ஜுக்கும் காலங்காட்டிகள் என்பது திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் தரும் விளக்கம். 'ஸலாத்' என்பதற்குத் தொழுகை, 'ஸவ்ம்' என்பதற்கு நோன்பு எனத் தம் தாய்மொழிச் சொற்களையே வழங்கிய தமிழ் முஸ்லிம்கள், 'ஹிலால்' என்பதற்குப் பிறை என்பதையே கொண்டனர். தொழப்பட்ட பிறை, நாள் எண்ணும் பிறையாயிற்று.

இங்கேதான் சொற்பொருள் விரிகிறது. முஹர்ரம் பிறை 10, ரபீயுல் அவ்வல் பிறை 12, ரமலான் பிறை 27 என்னும் வழக்குகளில் பிறை என்பது நிலவின் வடிவன்று. மாதத்தின் தேதியே ஆகும். முழுநிலவு காயும் இரவையும் 'பிறை 14' என்றே வழங்குகிறோம். சொல்லின் நேர்ப்பொருளுக்கு இது முரணாயினும், வழக்கில் எவருக்கும் முரணாகப் படுவதில்லை.

மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. அமாவாசையை முதல் நாளாக எண்ணுவோர், பெரும்பாலும் கண்ணுக்கு முதலில் புலப்படும் கீற்றை 'மூன்றாம் பிறை' என்பர். அதே கீற்றை முஸ்லிம்கள் 'தலைப்பிறை' என்பர். வானம் ஒன்று, நிலவும் ஒன்று. எண்ணத் தொடங்கும் இடமே வேறு. முன்னது திதிக் கணக்கைச் சார்ந்தது. பின்னது காட்சியைச் சார்ந்தது.

ஒரு மறைமதியிலிருந்து அடுத்த மறைமதி வரை சராசரியாக 29 நாள், 12 மணி, 44 நிமிடம் ஆகிறது. ஆதலின் பிறை மாதம் 29 அல்லது 30 நாள்களைக் கொண்டது. இருபத்தொன்பதாம் நாள் மாலையில் பிறை தென்படாவிடின் முப்பதாக நிறைவு செய்தல் மரபு. நாளும் கதிரவன் மறைவிலேயே தொடங்குகிறது. எனவே பிறை 27இன் இரவு, அந்நாளின் பகலுக்கு முற்பட்டது. வியாழன் மாலைக்குப் பின்வரும் இரவைப் பெரியோர் 'வெள்ளி இரவு' என்பதும் இக்கணக்கே.

'இன்று பிறை எத்தனை?' என்று வினவினால் உடனே விடை கூறும் முதியோர் நம்மிடையே உள்ளனர். இளைஞரிற் பலருக்கோ நோன்புப் பிறையும் பெருநாள் பிறையுமே நினைவில் நிற்கின்றன. இவ்வழக்கு அருகுமாயின், பிறை நாளிட்ட பழைய மடல்களையும் மணப் பதிவுகளையும் படித்துக் காலம் கணிப்பது வருங்காலத்தவர்க்கு அரிதாகிவிடும். மாணவர்கள் தத்தம் ஊர்ப் பெரியோரிடம் இத்தகைய வழக்குகளைக் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். அது மார்க்கத்திற்கு மட்டுமன்றித் தமிழுக்கும் செய்யும் தொண்டாகும்.