பனிநாட்டில் மறுதோன்றி

வானூர் வட்டத்துச் செம்மண்ணில் மருதாணியை யாரும் வளர்ப்பதில்லை, அதுவே வளர்கிறது. மழைக்காலத்தில் ஒரு போத்தை வேலியோரம் ஊன்றிவிட்டால் போதும், பின்னர் ஆடு கடித்தாலும் தழைக்கும். வெட்ட வெட்ட மறுபடியும் தோன்றுவதால் ‘மறுதோன்றி’ எனப் பெயர் பெற்றது என்பாருமுண்டு. (‘ஹென்னா’வை ஆங்கிலச் சொல்லென்று எண்ணும் மாணவர்கள் கவனிக்க: அது ‘ஹின்னா’ என்னும் அரபுச் சொல்லே.) ஆனால் கோட்டக்குப்பத்திலிருந்தும் புதுவையிலிருந்தும் பிரான்சு நாட்டிற்குச் சென்று வாழும் நம்மவர்க்கு இச்செடியைக் காப்பது பெரும்பாடு.

பாரிசை அடுத்து வாழும் நம் உறவுமுறைச் சகோதரியார் ஒருவர் மூன்றாண்டுகள் தொட்டியில் வளர்த்த செடியை, குளிர்காலத்தில் இலையுதிர்ந்து குச்சியாய் நின்றது கண்டு, பட்டுப்போயிற்றென்று குப்பையில் இட்டுவிட்டார். பெருநாளைக்குப் பேத்தியின் கையில் அரைத்திட இலையில்லையே என்று தொலைபேசியில் வருந்தினார். கடைகளில் ‘கருமருதாணி’ என விற்கப்படுவதில் பாராபெனிலீன்டையமீன் என்னும் தலைச்சாய வேதிப்பொருள் கலந்திருந்தால் தோல் கொப்புளித்துவிடும். ஆதலின் அவர் வருத்தம் வெறும் ஆசைபற்றியதன்று.

அச்செடி இறந்திராது என்பதே நம் எண்ணம். வெப்பம் 11 பாகைக்குக் கீழே தங்கினால் மருதாணி செழிப்பதில்லை. இலை பழுத்து உதிரும். 5 பாகைக்குக் கீழே சென்றால் செடியே மடியும். பாரிசின் சனவரி இரவுகளோ சராசரியாக 3 பாகை அளவின. திசம்பரில் அங்குப் பகற்பொழுதும் எட்டு மணி நேரத்திற்குச் சற்றே மிகுதி. எனவே அக்டோபரிலேயே தொட்டியை வீட்டினுள் கொணர்ந்து, தெற்கு நோக்கிய சன்னலருகே வைத்தல் வேண்டும்.

இஃது அந்நாட்டார்க்குப் புதிதன்று. வெர்சாய் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை கட்டப்பெற்ற ஆரஞ்சு மாளிகைக்குள், பெட்டிகளில் வளரும் ஆரஞ்சு மரங்களை இன்றும் குளிர்காலத்தில் ஏற்றி வைக்கின்றனர்.

இலையற்ற செடிக்கு நீர் மிகக் குறைவாகவே தேவை. இரக்கப்பட்டு நாள்தோறும் ஊற்றுவோர் வேரை அழுகச் செய்துவிடுகின்றனர். உள்ளே வைத்த செடியைக் குளிரைவிட இவ்விரக்கமே மிகுதியாகக் கொல்கிறது எனலாம். ஐயம் எழுந்தால் நகத்தால் பட்டையைச் சற்றே கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சையிருப்பின் உயிருண்டு.

மே 11, 12, 13 ஆகிய நாள்களைப் ‘பனிப் புனிதர்’ நாள்கள் என்பர் பிரெஞ்சு உழவர். அவை கழியுமுன் மென்செடிகளை வெளியே வைப்பதில்லை. வைக்கும்போதும் முதல் வாரம் நிழலே நன்று. நம்மூர் வெயிலில் காய்ந்த இலையின் சிவப்பு அங்கே கிட்டாது. லாசோன் என்னும் சாயப்பொருள் நல்ல வெப்பத்தில்தான் மிகுதியாக ஊறும்.

“போத்து ஒன்று அனுப்பக் கூடாதா?” என்று கேட்டார் சகோதரியார். செடிநலச் சான்றிதழின்றிச் செடியோ விதையோ ஐரோப்பிய ஒன்றியத்துள் கொண்டுசெல்ல 2019 திசம்பர் 14 முதல் தடையுள்ளது என்றோம். அங்குள்ள நாற்றுப்பண்ணையிலேயே ஒன்று வாங்கியிருக்கிறார். நான்கு இலை விட்டிருக்கிறதாம்.