முதலில் பேக்கப், பிறகு திருப்புளி

2013இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4-இன் ஹார்ட் டிஸ்க்கை வீட்டிலேயே மாற்றலாம். பளபளப்பான மேல்மூடியை நகர்த்தினால் முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் பொறித்த ஒரே ஒரு திருகாணி தெரியும். அதைக் கழற்றினால் டிஸ்க் அதன் தாங்கியோடு வெளியே வந்துவிடும். அந்த இடத்தில் 9.5 மி.மீ. தடிமனுக்கு மிகாத 2.5 அங்குல சாட்டா டிஸ்க் பொருந்தும். வேலை இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் ஆபத்து. அவசரத்தில் பேக்கப் மறந்துபோகிறது.

‘கேமை மறுபடி டவுன்லோடு செய்தால் போயிற்று’ என்பார்கள். கேம் திரும்ப வரும். நூறு மணி நேரம் ஆடிச் சேர்த்த சேவ் ஃபைல் வராது. வெளியே யூஎஸ்பி டிஸ்க் மாட்டியிருக்கிறோமே என்பதும் போதாது. 2017 முதல் அதில் கேம்களை வைக்க முடிகிறது, ஆனால் சேவ் ஃபைல்கள் உள் டிஸ்க்கில்தான் தங்கும். கிளவுடில் போட்டுவைக்க பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். ஆகவே எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் உள்ள தனி யூஎஸ்பி டிஸ்க்கில் முழு பேக்கப் எடுப்பதே முதல் வேலை. டிராஃபிகள் அதில் சேராது. முன்கூட்டியே சர்வரோடு சிங்க் செய்துவிட வேண்டும். புது டிஸ்க் வெறுமையாக இருக்கும் என்பதால், சோனி தளத்திலிருந்து முழு சிஸ்டம் சாஃப்ட்வேரைப் பென் டிரைவில் இறக்கி, சேஃப் மோடில் நிறுவிய பிறகே பேக்கப்பைத் திரும்ப ஏற்ற முடியும். எல்லா சேவ் ஃபைல்களும் திறக்கின்றனவா என்று பார்க்கும்வரை பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள்.