பழைய லேப்டாப்பைக் கைமாற்றப்போகிறீர்களா? ஃபார்மேட் மட்டும் போதாது!

போன மாதம் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பரணிலிருந்து ஒரு கறுப்பு லேப்டாப்பை இறக்கி, தூசி தட்டி வைத்திருந்தார். அக்கா பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசின் விலையில்லா லேப்டாப்.

"பக்கத்துத் தெருப் பையன் காலேஜ் சேர்ந்திருக்கான். புதுசா ஏதாவது போட்டுக் குடுத்தா பாவம் படிச்சுப்பான். உள்ள இருந்ததை எல்லாம் அக்கா அப்பவே அழிச்சுட்டா. ரீசைக்கிள் பின்கூட காலி பண்ணிட்டா" என்றார்.

சந்தேகம் வந்து, இழந்த கோப்புகளை மீட்கும் 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வந்து விழுந்தவை: அக்காவின் மார்க் ஷீட், ஆதார் ஸ்கேன், பெரியப்பாவின் பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், வீட்டுப் பத்திரத்தின் நகல். கூடவே, அம்மா மண்டபம் படித்துறையில் பெரியப்பா பேத்தியைத் தூக்கிவைத்துச் சிரிக்கும் ஒரு போட்டோ. பெரியப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது.

"இந்தப் படம் எங்கயுமே இல்லைன்னு நெனச்சேனேப்பா…" என்றார் பெரியம்மா. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு சந்தோஷத்தோடு பயமும் வந்தது. போட்டோ கிடைத்த அதே வழியில்தானே பத்திரமும் கிடைத்தது? லேப்டாப்பை அப்படியே கொடுத்திருந்தால், அது யார் யார் கைக்குப் போயிருக்கும்?

டெலீட் செய்தால் என்ன நடக்கிறது?

ஒரு வீட்டு வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் வீடு காலியாகிவிடுமா? டெலீட் செய்வது அப்படித்தான். கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் போகிறது. கோப்பு ஹார்டு டிஸ்க்கில் அப்படியே இருக்கும், அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதப்படும் வரை.

குயிக் ஃபார்மேட்டும் இதே கதைதான். அது மொத்தத் தெருவின் பெயர்ப்பலகைகளையும் ஒரே நேரத்தில் கழற்றுகிறது. புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டால் பழையது அழிந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். 320 ஜிபி டிஸ்க்கில் லினக்ஸ் 20 ஜிபி பிடித்தால், மீதி 300 ஜிபியில் பழைய தகவல்கள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

பெரிய வங்கியும் தப்பவில்லை

இது வீடுகளில் மட்டும் நடக்கும் தவறு அல்ல. அமெரிக்காவின் எம்ஐடி-யில் படித்த இருவர், விற்பனைக்கு வந்த 158 பழைய ஹார்டு டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129-ல் சரியாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன.

2022-ல் 'மார்கன் ஸ்டான்லி' நிதி நிறுவனத்தின் பிரிவு ஒன்று 3.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. பழைய கருவிகளை அப்புறப்படுத்தும் வேலையை, அனுபவமில்லாத ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தார்கள். அவற்றில் சில, வாடிக்கையாளர் தகவல்களோடு ஆன்லைன் ஏலத்துக்கு வந்துவிட்டன.

நம்ம ஊர் பரண்கள்

2011-ல் ஸ்ரீரங்கம் தொகுதியில் ஜெயித்து முதல்வரான ஜெயலலிதா, அந்த செப்டம்பரில் விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினார். அப்போது வந்த லேப்டாப்கள் இன்று பல வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட்டும் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத கம்ப்யூட்டர்களை விற்பதும், தானம் கொடுப்பதும், லினக்ஸ் போடுவதும் இப்போது அதிகம் நடக்கும். அதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

வரிசையாகச் செய்யுங்கள்

1. முதலில் பேக்கப். வேண்டியதை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என இரண்டு பிரதி எடுங்கள். வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். டேலி கணக்குகளை மறக்க வேண்டாம்.

2. பிரவுசர், மெயில் எல்லாவற்றிலும் லாக் அவுட் செய்யுங்கள். உங்கள் போனில் வாட்ஸ்அப்பின் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதிக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரை நீக்குங்கள்.

3. பேக்கப் எடுத்த டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வையுங்கள். அவசரத்தில் தப்பான டிஸ்க்கை அழிப்பவர்கள்தான் அதிகம்.

4. விண்டோஸ் 10, 11 என்றால் செட்டிங்ஸில் 'ரெக்கவரி' போய் 'ரீசெட் திஸ் பிசி' கொடுங்கள். 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுத்து, 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே 'கிளீன் டேட்டா'வை ஆன் செய்யுங்கள். பலர் தவறவிடுவது இந்தக் கடைசி பட்டனைத்தான். அழித்து, புது விண்டோஸையும் அதுவே போட்டுவிடும்.

5. லினக்ஸ் போடுவதாக இருந்தால், உபுண்டு அல்லது மின்ட் பென்டிரைவில் பூட் செய்து 'டிஸ்க்ஸ்' ஆப்பைத் திறங்கள். 'ஃபார்மேட் டிஸ்க்' உள்ளே, பூஜ்ஜியங்களால் மேலெழுதும் 'ஸ்லோ' வழியைத் தேர்ந்தெடுங்கள். அது முடிந்த பிறகு இன்ஸ்டால் செய்யுங்கள். பெரியம்மா வீட்டு 320 ஜிபி டிஸ்க்குக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. சார்ஜரைச் செருகியே வையுங்கள்.

35 தடவை அழிக்கணுமா?

வேண்டாம். 1996-ல் பீட்டர் குட்மன் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்த எண் அது. இன்றைய டிஸ்க்குகளுக்கு அது தேவையில்லை என்று அவரே பிறகு சொல்லிவிட்டார். சாதாரண ஹார்டு டிஸ்க்கில் முழுவதும் ஒரு தடவை மேலெழுதினாலே போதும்.

எஸ்எஸ்டி வேறு ரகம். மேலெழுதும்போது நம் கண்ணுக்குத் தெரியாத சில பகுதிகள் தப்பிவிடலாம். தயாரிப்பு நிறுவனத்தின் மென்பொருளிலோ பயாஸிலோ இருக்கும் 'செக்யூர் இரேஸ்' வசதியைப் பயன்படுத்துங்கள்.

டிஸ்க்கே ஓடவில்லையா? அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கழற்றி உள்ளே இருக்கும் தட்டுகளை உடைத்து, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்தில் கொடுங்கள். சில தட்டுகள் கண்ணாடியால் ஆனவை, கண்ணுக்குப் பாதுகாப்பு அவசியம்.

கடையில் கொடுத்துச் செய்வதானால் ஒரே கேள்வி கேளுங்கள்: "குயிக் ஃபார்மேட்டா, முழுசா அழிப்பீங்களா?" பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றால், அது பெயர்ப்பலகை கழற்றும் வேலைதான்.

அழித்து முடித்ததும் மறுபடி ஃபோட்டோரெக் ஓடவிட்டேன். பூஜ்ஜியம். லினக்ஸ் ஏற்றிய லேப்டாப் அந்தப் பையனிடம் போய்விட்டது. பெரியப்பா போட்டோ சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரின்ட் போடப்பட்டு, பெரியம்மா வீட்டுக் கூடத்தில் மாட்டியாகிவிட்டது. பென்டிரைவில் இன்னொரு பிரதி பீரோவுக்குள் இருக்கிறது.